கலுங்கோரத்துக் கருவேலமரம்

மார்கழி 5, செவ்வாய்
மூன்று நாளுக்குப் பிறகு மழை விட்டிருக்கிறது. கரண்ட் இல்லை. பைனாகுலருக்குள் ஈரம். அரிசி டப்பாவில் புதைத்து வைத்தேன். மனைவி முறைத்தாள். "இருக்க அரிசியே ரெண்டு படி. அதுக்குள்ள இதுவேற."

தச்சநல்லூரிலிருந்து டவுண் பஸ் ஓடவில்லை. குளத்துக்கு நடந்தே. கரைமேல் பாதி தூரம் வரைதான் போக முடிந்தது. ஆற்றுப் பக்கம் எல்லாம் செந்தண்ணீர்.

பார்த்தவை: நீர்க்காகம், அறுபதுக்கு மேல். மீன்கொத்தி 2, கம்பியில். செத்த ஆடு 1.

மார்கழி 6, புதன்
இசக்கி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். குளத்தடியில் நெல் போடுகிறவர். மேற்குச் சுவர் முழுதும் இடிந்து கிடக்கிறது. குடும்பம் பள்ளிக்கூடத்தில்.

கோடையிலேயே சொன்னார். மிச்சத்தண்ணீர் வெளியேறும் கலுங்கை ஒட்டி நிற்கும் கருவேலமரங்களை வெட்ட வேண்டும், வெள்ளம் வந்தால் அடைக்கும் என்று. பறவை கூடு கட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் மறித்தவன் நான். கையெழுத்து வேறு வாங்கினேன். இப்போது இரண்டு மரம் கலுங்கில் சாய்ந்து, தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் போயிருக்கிறது.

திட்டவில்லை. "மாட்ட அவுத்து விட்டுட்டேன் சார். அது பொழச்சிக்கிட்டு. டீ குடிக்கியளா?"

திட்டியிருக்கலாம். மன்னிப்புக் கேட்காமலே டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்கழி 8, வெள்ளி
மறுபடி கனமழையாம், நாளை ராத்திரி. ரேடியோவில் சொன்னார்கள். இருமல். குடையில் கம்பி ஒன்று போய்விட்டது.

கரை உடைப்பை மணல்மூட்டை போட்டு அடைத்து, விழுந்த மரங்களையும் எடுத்தாயிற்று. இன்னும் ஒன்று வேர் தெரிய கலுங்குமேல் சாய்ந்து நிற்கிறது. அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். "குஞ்சு இருக்க மரத்த வெட்ட எங்களுக்கும் மனசு வராது. நீங்க அந்தத் தூரக் கண்ணாடி வச்சுப் பாத்துச் சொல்லுங்க. இருந்துன்னா கயிறு போட்டு இழுத்துக் கட்டுதோம். வாறது வரட்டும்."

கயிறு தாங்காது. அவருக்கும் தெரியும்.

மார்கழி 9, சனி
காலை ஆறரை. மூட்டம். நாலு பேர், மரம் அறுக்கும் மிஷின். எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். கண்ணாடி தெளிவாகிவிட்டது, பாழாய்ப்போன கண்ணாடி.

கொப்பு நுனியில், சுழித்து ஓடும் தண்ணீருக்கு மேலே, அரிவாள் மூக்கன் கூடு. இலை மறைவு. ஆள் ஏறமுடியாத இடம். பெரிய பறவை இரை தேடப் போயிருந்தது. கறுத்த சின்னத் தலைகள், வாயைத் திறந்துகொண்டு.

"இருக்கா சார்?"

"இல்ல அண்ணாச்சி. பழைய கூடு. வெட்டுங்க."

"நல்லாப் பாத்தியளா?"

"பாத்தாச்சி."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கலுங்கில் தண்ணீர் தாராளமாக ஓடியது.

பிறகு பெரிய பறவை வந்தது. மரம் நின்ற இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். பிறகு என்னை. என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, கரை முடியும்வரை கூடவே வந்தார்.

பார்த்தவை: வெள்ளை அரிவாள் மூக்கன் 1. குஞ்சு 3.