அப்பா சொல்லாத சாவுகள்

அன்புள்ள அம்மாவுக்கு யமுனா வணக்கத்துடன் எழுதுவது. சிங்கப்பூரில் நான் நலம். அங்கே எல்லாரும் நலம் என்று நீங்கள் சொல்வதைத்தான் நம்ப முடியவில்லை.

நேற்று விடுதி டிவியில் இந்த வருடம் மறைந்த பிரபலங்களைக் காட்டினார்கள். அப்பாவுக்கு உயிரான பாடகரும் அதில் இருந்தார். எனக்குத் தெரியவே தெரியாது. முன்பெல்லாம் பெரிய மனிதர் யார் இறந்தாலும், "கண்ணு, சேதி தெரியுமா?" என்று முதலில் கூப்பிடுவது அப்பாதானே?

போன் செய்தால் தம்பி, "அக்கா, அப்பா மிளகு பறிக்கப் போயிருக்காருங்க" என்கிறான். ஆடியிலும் இதையேதான் சொன்னான். ஆடியில் ஏது மிளகு?

கொஞ்சம் சாமை அரிசி அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் முகவரியை அப்பா கையால் எழுதச் சொல்லுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. அவரை ஒருமுறை கூப்பிடச் சொல்லுங்கள் அம்மா. யார் செத்த சேதியானாலும் பரவாயில்லை, அவரே சொல்லட்டும்.

யமுனா