நான் விட்ட இரண்டு வரிகள்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
17.11.1996

அன்பு மகள் அருள்மலருக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் குட்டி அட்சயாவும் பேர்கன் நகர மழைக்குள்ளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே அம்மா சுகம், தம்பி விதுஷன் சுகம். என் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன் ஒன்று, இந்தக் கடிதத்தைப் பிள்ளையை நித்திரையாக்கிவிட்டுத் தனியே இருந்து வாசி, ஒரு வரியையும் விடாதே. செப்டெம்பரில் நீ அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் உன் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்பா இதையெல்லாம் எழுதுகிறாரே என்று கூச்சப்படாதே. கூச்சப்பட்டு நான் பட்டது போதும்.

ரெலிபோனில் சொல்லத்தான் பார்த்தேன். வீட்டில் நான் ரெலிபோனைத் தொட்டாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள். அதனால் வியாழக்கிழமை பிளாசாவுக்கு நடந்துபோய் அங்கிருந்த பொது ரெலிபோனில் கார்ட் போட்டு எடுத்தேன். மருமகன் எடுத்தார், நீ வேலைக்குப் போய்விட்டாய் என்றார். அங்கே மழையா என்று கேட்டேன், மழைதான் மாமா என்றார், சரி என்று வைத்துவிட்டேன். அறுபத்துமூன்று வயதுக்காரன் செய்த காரியத்தைப் பார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்து, எத்தனை சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் ஒரு சொல் பிசகாமல் தமிழாக்கியவனுக்கு, சொந்த மகளின் விடயத்தைச் சொல்ல ஒரு வசனம் வரவில்லை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது, போன கிழமையே பனி கொட்டியது. தம்பி ரூஜில் வீடு பார்த்திருக்கிறான், நாங்களும் வந்து பேஸ்மென்டில் இருக்கவேண்டுமாம், நிலத்துக்குக் கீழே போக இன்னும் காலமிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். சொன்ன பிறகு அந்தப் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் அது ஆறும் வரைக்கும் வாசிக்க முடியாது என்று உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டினேன். செப்டெம்பர்க் கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தேன். அட்சயா தளபாடங்களைப் பிடித்து நடக்கிற கதைக்கு அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அன்ரனெற்றே எட்டிப் பார்த்தாள். அதற்கு அடுத்ததாக அந்த வரி வந்தது. பால் நிப்பாட்டி ஆறு மாசமாகியும் இடது பக்கம் கமக்கட்டுக்குக் கிட்ட ஒரு கட்டி கரையாமல் கிடக்குது, நோகேல்லை, என்ன செய்யலாம் அம்மா என்று எழுதியிருந்தாய். நான் பாதி வாசிக்கும்போதே அம்மா, 'உதை விடுங்கோ, அது பொம்பிளையளின்ரை கதை, அடுத்த பக்கத்தை வாசியுங்கோ' என்றாள். நானும் தப்பினேன் என்று அடுத்த பக்கத்துக்குத் தாவினேன். பிறகு அன்ரனெற்றைக் கொண்டு அதை வாசிப்பித்து, பால்கட்டுத்தான், மல்லிகைப்பூ வைத்துக் கட்டு என்று உனக்குப் பதில் எழுதுவித்தாளாம். அம்மாவைக் குறை சொல்லாதே, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அதைவிடக் கூடத் தெரிந்திருந்தது, பிள்ளை. அதுதான் என்னை வதைக்கிறது.

எப்படித் தெரியும் என்கிறாயா? சித்திரை மாதம் செலீன் வந்தாள். சமூக சுகாதார நிலையத்தில் வேலை செய்கிற மட்டக்களப்புப் பிள்ளை, நல்ல துடிப்பு. மார்புப் புற்றுநோய் பற்றி இங்கிலிஷில் இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தந்து, 'அண்ணை, எங்கட ஆக்களுக்கு விளங்கிற மாதிரித் தமிழிலை எழுதித் தாங்கோ, ஒருத்தரும் விடுபடக்கூடாது' என்றாள். ஒரு கிழமை இருந்து எழுதினேன். எப்படித் தடவிப் பார்ப்பது, எதைக் கண்டால் டொக்டரிடம் போவது, எல்லாம் அழகாக வந்தது. கடைசியில் ஒரு வரி இருந்தது. இந்த நோய் அரிதாக ஆண்களுக்கும் வரும், அவர்களும் மார்பில் மாற்றம் கண்டால் காட்டவேண்டும் என்று. அதை வாசித்ததும் எனக்குக் கோயில் மண்டபம்தான் கண்ணில் வந்தது. இதை எழுதினால் அங்கே கூடியிருந்து கதைக்கிற செல்வரட்ணமும் அவனுடைய கூட்டமும் ஒரு வருடத்துக்கு என்னைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வரியை வெட்டினேன். செலீனிடம் இடம் காணவில்லை என்று பொய் சொன்னேன். முந்நூறு பிரதி அடித்து, பூசை முடிந்து வருகிற பெண்களிடம் மட்டும் கொடுத்தோம். என் முப்பது வருட வேலையில் நான் தெரிந்தே விட்ட வரி அது ஒன்றுதான்.

ஆவணியில் என் பெனியனில் வலது பக்கம் ஒரு கறை. மண்ணிறமாக, பத்துச் சத நாணயக் குற்றியளவு. தோய்க்கும்போது அம்மா கறி ஊற்றிக்கொண்டீர்களா என்று கேட்டாள், ஓம் என்றேன். திரும்பவும் வந்தது. பிறகு இரண்டு பெனியன் போட்டேன், உள்ளே போட்டதை நானே தோய்த்தேன். முலைக்காம்பு உள்ளே இழுபட்டிருந்தது, அதன் கீழே கடலையளவில் ஒன்று கையில் உருண்டது. காம்பு உள்வாங்குதல், கசிவு, நோவில்லாத கட்டி, இவையெல்லாம் நானே தேர்ந்து போட்ட சொற்கள் அருள்மலர். கண்ணாடிக்கு முன் நின்று அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் மனதில் வர வர, அது பெண்களுக்கு எழுதியது என்று எனக்கே சொல்லிக்கொண்டு சேர்ட்டைப் பூட்டினேன்.

ஐப்பசியில் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் டொக்டர் நெஞ்சில் குழாய் வைக்கச் சேர்ட்டைத் திறந்தார். குழாயைக் காதிலிருந்து எடுத்தார். எவ்வளவு காலம் என்று மட்டும் கேட்டார். அடுத்த கிழமையே மார்புப் படம் எடுக்க அனுப்பினார்கள். அங்கே இருந்த அவ்வளவு பேரும் பெண்கள், பூப்போட்ட மேலங்கியோடு. எனக்கும் அதே பூப்போட்ட அங்கிதான், என் அளவில் வேறு இல்லையாம். நிரப்பத் தந்த படிவத்தில் கடைசியாக மாதவிலக்கு வந்த திகதி கேட்டிருந்தது, பொருந்தாது என்று எழுதினேன். தாதி வந்து மிஸஸ் சண்முகலிங்கம் என்று கூப்பிட்டாள். நான் எழும்ப, உங்கள் மனைவி எங்கே என்று கேட்டாள். வேறொரு நாள் என்றால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். இந்த மாதம் ஐந்தாம் திகதி முடிவு சொன்னார்கள். புற்றுநோய்தான். மார்கழி மூன்றாம் திகதி சத்திரசிகிச்சை. மகளே, எனக்குப் பயமாக இருக்கிறது, அதை ஏன் மறைப்பான். ஆனால் இந்தக் கடிதம் எனக்காக எழுதுவதல்ல.

அன்றைக்கு முடிவு சொன்ன டொக்டர், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. கமலாம்பிகை மாமியை உனக்கு நினைவிருக்கும், என் அக்கா, உனக்கு ஏழு வயதாக இருக்கும்போது செத்துப்போனவள். நெருப்புக் காய்ச்சல் என்று உனக்கும் ஊருக்கும் சொன்னோம். காய்ச்சல் இல்லை. வீட்டில் என் தங்கைமார் மூன்று குமர்ப்பிள்ளைகள் கலியாணத்துக்கு இருந்தார்கள், இப்படியொரு நோய் இந்தக் குடும்பத்தில் என்று தெரிந்தால் யார் வருவார்கள் என்று ஐயாவும் நானும் சேர்ந்து அதை மூடினோம். உன் கலியாணப் பேச்சின்போதும் பரம்பரை வருத்தம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்கள், நான்தான் இல்லை என்றேன். மாமிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கைக்குழந்தைக்காரி. அவளுக்கும் முதலில் பால்கட்டு என்றுதான் சொன்னார்கள்.

மறுநாள் நானே திரும்பிப் போய் டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். உங்களுக்கு மகள் உண்டா, என்ன வயது என்று கேட்டார். முப்பத்துநான்கு என்றேன். உன் கடிதத்து வரியையும் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கே அவளுக்குச் சொல்லுங்கள் என்றார். அது நடந்து பதினொரு நாளாகிறது.

நீ செய்யவேண்டியது இதுதான். கடிதம் கிடைத்த அடுத்த காலை டொக்டரிடம் போ, வேலைக்கு லீவு சொல்லு. என் அப்பாவுக்கு மார்புப் புற்றுநோய், அப்பாவின் அக்கா அதில் செத்தவர் என்று முதல் வசனமாகச் சொல்லு. உனக்கு வயது போதாது, படமெடுக்கிற வயது வரவில்லை, பால் நிறுத்தினால் இப்படித்தான் என்று சொன்னால் எழும்பி வராதே, அந்த வசனத்தைத் திரும்பச் சொல்லு. நோகவில்லை என்று ஆறுதல்படாதே, எனக்கும் நோகவில்லை. அது ஒன்றுமில்லாமல் போகவும் கூடும், அநேகமான கட்டிகள் அப்படித்தான் என்று செலீன் சொல்கிறாள், ஆனால் அதை டொக்டர் சொல்லட்டும். இனி மாதாமாதம், மாதவிலக்கு முடிந்த பிறகு ஒருநாள், குளிக்கும்போது சவர்க்காரக் கையால் விரல்களைத் தட்டையாக வைத்து வட்டமாகத் தடவிப் பார், அக்குள் வரைக்கும், மேலே காறை எலும்பு வரைக்கும். கண்ணாடியில் கையைத் தூக்கிப் பார், தோல் எங்காவது குழிகிறதா, காம்பு இழுபடுகிறதா என்று. அட்சயா வளர்ந்ததும் அவளுக்கும் மாமியின் கதையை உள்ளபடி சொல்லு. தம்பிக்கு நேற்றுச் சொன்னேன், 'என்னப்பா நீங்கள், ஆம்பிளையளுக்கு உது வருமே' என்று சிரித்தான், சேர்ட்டைக் கழற்றிக் காட்டினேன், சிரிப்பு நின்றது. துண்டுப்பிரசுரத்தை அந்த வரியோடு திரும்ப அடிக்கச் சொல்லிச் செலீனிடம் கொடுத்துவிட்டேன், செல்வரட்ணத்துக்கு நானே கையில் கொடுப்பேன்.

நாளைக் காலை இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போட்டுவிட்டு வந்து அம்மாவுக்கும் எல்லாம் சொல்வேன். பெரியபிள்ளையார் உன்னையும் உன் பிள்ளையையும் காப்பார், தீர்க்காயுசாக இரு. டொக்டரிடம் போன அன்றே ரெலிபோன் எடு, யார் எடுத்தாலும் சொல்லு, இனி இந்த வீட்டில் மறைக்க ஒன்றுமில்லை.

ஒன்று மறந்துவிடாதே. கோடையில் சாடியில் பூத்த மல்லிகையைக் காயவைத்து, சுடுநீரில் நனைத்துக் கட்டச் சொல்லி அம்மா ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறாள். ஒஸ்லோவுக்குக் கலியாணத்துக்கு வெள்ளிக்கிழமை விமானமேறிய அன்ரனெற் அதைப் பேர்கனுக்கும் கொண்டுவருகிறாள். இந்தக் கடிதத்தையும் அவளிடமே கொடுத்திருக்கலாம், அன்றைக்கு எழுத எனக்குத் துணிவில்லை. ஆகவே பூ முந்தி வந்திருக்கும். கட்டியிருந்தால் அவிழ்த்து வைத்துவிட்டு டொக்டரிடம் போ, பிள்ளை.

உன் அன்பு அப்பா,
த. சண்முகலிங்கம்