பாப்பா தொட்ட முகம்

அம்மா,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது.

இன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ், வலி எவ்வளவு என்று தொட்டுக் காட்டும் முகப் படங்களை நீட்டியபோது, பாப்பா வழக்கம்போலச் சிரிக்கிற முகத்தைத் தொடவில்லை. அழுகிற முகத்தைத் தொட்டாள். "சிரிக்கிற மூஞ்சி அம்மாவுக்காகத் தொடுறது" என்றாள்.

டாக்டரைக் கேட்டு மருந்தைக் கூட்டினார்கள். மாலையில் எழுந்து உட்கார்ந்து என்னைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்தாள். "காலேஜையும் விட்ட, ஆட்டத்தையும் விட்டியாண்ணா?" என்று நக்கல் வேறு.

குணமாகாது என்று தெரிந்தவள், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நம் வீட்டில் அவளுக்குத்தான் நெஞ்சுரம்.

அவள் உனக்காக நடிக்கிறாள் என்று நேற்று கத்தினேனே, விஷயம் சரி, சத்தம்தான் தப்பு. நாளை அந்தப் படங்களை நீயே நீட்டு. எதைத் தொட்டாலும் அழாதே.

பி.கு.: குழாயைத் திறந்துவிட்டு நீ அழுவதும் அவளுக்குத் தெரியும். கெட்டிக்காரி.