நாய்க்கு ஒன்றும் ஆகாது

மே 4, திங்கள்

வெயில். பத்து மணிக்கே மொட்டை மாடியில் அப்பளம் பொரிக்கலாம். இன்றைய வேலை: மோட்டார் ரிப்பேர், முடிவெட்டு. இரண்டும் நடக்கவில்லை.

நடந்தது இது. உலகம் அழியும் படங்களுக்கென்றே முகநூலில் ஒரு குழு. அதில் ஜெனி கேட்டிருக்கிறாள்: "உலகம் அழிஞ்ச பிறகு நடக்குற கதைகள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?"

என் மகள். பதினோரு மாதமாக என்னோடு பேச்சில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிறாள். அந்தப் படங்களை அவளுக்குப் பழக்கியதே நான்.

என்னை அவள் பிளாக் செய்த மறுவாரம் முகநூலில் பிறந்தவள் சாந்தி. கோயம்புத்தூர், இல்லத்தரசி, முகப்பில் செம்பருத்திப் பூ. ஐம்பத்து நான்கு வயது, மீசை உண்டு. நானேதான்.

மாலை ஜெனி போன். ஸ்டெல்லா எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மனைவி பேசுவதைப் படிக்கட்டில் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"சாப்டியாடி? ... அவரா? இருக்காரு."

என்னைப் பற்றிய செய்தி அம்புட்டுதான்.

மே 5, செவ்வாய்

சாந்தி அக்காவின் சிபாரிசு:

1. கடல் வற்றிய படம். கரை தட்டிய கப்பலுக்குள் குடித்தனம். முதல் அரை மணி நேரம் யாரும் யாரோடும் பேசுவதில்லை. (எங்கள் வீட்டில் எடுத்தது போல.)

2. ஊரைத் தூசி மூடிய படம். ஏழு வருடமாகக் குளிக்கத் தண்ணீர் இல்லை. கதாநாயகிக்குப் புருவம் மட்டும் திருத்தியிருக்கிறது. பியூட்டி பார்லர் அழியவில்லை போல. மற்றபடி நல்ல படம்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் போடவில்லை.

மே 6, புதன்

பதில்! "அக்கா, புருவ மேட்டரைப் படிச்சிட்டு ஆபீஸ்ல சத்தமா சிரிச்சிட்டேன்."

சிரித்திருக்கிறாள். நாலு தடவை படித்தேன். பெருமை எல்லாம் சாந்திக்கு. பொறாமையாக இருந்தது.

மத்தியானம் தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விழாக் கமிட்டிக்காரர் போன்.

"ஏனுங்க சார், திருவிழாவுக்கு நீங்கதான் பேசோணும். அந்த மக கல்யாணம் நின்ன கதையக் கண்டிப்பாச் சொல்லிப்போடுங்க. வீடியோ பாத்து ஊரே சிரிச்சதுங்க."

"தொண்டை சரியில்லைங்க."

"கேட்டா நல்லாத்தானுங்க இருக்குது?"

வைத்துவிட்டேன்.

அந்தக் கதை: நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து மேடையில் சொன்னேன்: "நிச்சயப் பட்டுச்சேலையை என் சம்சாரம் ரேஷன் கடைக்குக் கட்டிட்டுப் போறாங்க. க்யூவுல வழி விடுறாங்களாம், கல்யாணப் பொண்ணுன்னு." இருபது வருட நகைச்சுவைப் பேச்சில் அப்படி ஒரு கைதட்டல் எனக்கு விழுந்ததில்லை. மூன்றாவது வரிசையில் ஜெனி. "அப்பா பேசுறேன், வா" என்று கூட்டிப்போனவனும் நான்தான். பக்கத்து நாற்காலி அம்மாள் சிரித்துச் சிரித்து அவள் தோளில் தட்டினாள்.

அதன்பின் நான் மேடை ஏறவில்லை.

மே 7, வியாழன்

புழுக்கம். மலைக்கோட்டைப் பக்கம் இடி, மழை இல்லை. மோட்டார் அப்படியே.

ஆசை யாரை விட்டது. மூன்றாவதையும் போட்டேன்:

"சூரியன் அணைஞ்சுபோற படம். ஒரு பொண்ணு, ஒரு பழைய பஸ், ஒரு நாய். மனசு ஒடிஞ்சுபோற மாதிரி இருக்கும், ஆனா பாருங்க. நாய்க்கு ஒண்ணும் ஆகாது."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஜெனிக்கு எட்டு வயதில், ஒரு படத்தில் நாய் செத்து மூன்று நாள் காய்ச்சல். அதிலிருந்து எந்தப் படமானாலும் நான் முதலில் பார்ப்பேன். பிறகு துண்டுச் சீட்டில் எழுதி டிவி மேல் வைப்பேன்: "நாய்க்கு ஒண்ணும் ஆகாது." இல்லையென்றால், "ஆகும். அப்பா பக்கத்துல உட்காந்துக்க." கல்லூரி போன பிறகும் சீட்டு உண்டு.

உடனே அழித்தேன். அதற்குள் பார்த்திருக்கிறாள்.

மே 8, வெள்ளி

பதில் இல்லை.

காலை ஆறு முதல் போனைத் தேய்க்கிறேன். சாந்தியை பிளாக் பண்ணவும் இல்லை. பண்ணியிருந்தால் தேவலை.

ஸ்டெல்லா: "என்னத்த அப்படிப் பாக்குறீக? உலகம் அழியப் போகுதா?"

"ஆமா."

"அதுக்குள்ள மோட்டாருக்கு ஆளக் கூப்பிடுங்க."

இன்று ஜெனி அம்மாவுக்கும் போன் செய்யவில்லை.

மே 9, சனி

மோட்டாருக்கு ஆள் வந்தான். ஏதோ தேய்ந்துவிட்டதாம். தலையாட்டினேன்.

பதினொன்றே காலுக்குச் சாந்திக்குத் தனிச்செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நாய் சாகுற படத்துக்கெல்லாம் முன்னாடியே சொல்லிருவீங்களேப்பா. அன்னைக்கு மேடையில என்ன சொல்லப் போறீங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் என்னை மூணாவது வரிசையில உக்கார வச்சீங்க?"

தெரியும். வீட்டிலேயே எழுதி, கண்ணாடி முன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. முதலில் முகப்பிலிருந்து அந்தச் செம்பருத்திப் பூவை எடுக்க வேண்டும்.