குலுக்காத கேனும் “ஒத்துழைக்கவில்லை” என்ற வரியும்

அனுப்புநர்:
குடல் ஸ்கேன் பிரிவு, டோக்கன் இரண்டின் மனைவி,
பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் பணியாளர்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
நிர்வாக அலுவலகம், முதல் மாடி.

பொருள்: கலக்காமல் ஊற்றிக் கொடுத்த ஸ்கேன் மருந்துக்காக என் கணவர்மீது எழுதப்பட்ட பழியை நீக்கி, இந்த வாரத்திலேயே மறுபரிசோதனை செய்யக் கோருதல்.

பார்வை: கடந்த மாதம் நான் நேரில் கொடுத்த மனு. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

மதிப்புக்கும் அதிகாரத்துக்கும் உரிய ஐயா,

1. என் கணவருக்கு வயது ஐம்பது. லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருடைய அண்ணன் ஐம்பத்திரண்டாவது வயதில் குடல் புற்றுநோயால் இறந்தார். கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. கூடப்பிறந்தவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தங்கள் மருத்துவரே சொல்லித்தான் குடல் ஸ்கேனுக்கு வந்தோம். நாங்களாக வலிய வந்து தொந்தரவு செய்யவில்லை.

2. ஸ்கேனுக்கு முதல் நாள் மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு குப்பி வெள்ளை மருந்து குடிக்க வேண்டும். குடலில் மிச்சமிருக்கும் மலத்தோடு அது கலந்துவிடும். ஸ்கேன் படத்தில் மலம் வெள்ளையாகத் தெரியும்; வெள்ளையாகாமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது கட்டியா என்று மருத்துவர் கவனித்துப் பார்ப்பார். இதை எனக்குப் பொறுமையாக விளக்கிய இளம் மருத்துவர் அம்மாவுக்கு இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். இந்த மனுவில் நான் நன்றி சொல்லப்போகும் ஒரே ஆள் அவர்தான்.

3. என் கணவர் மூன்று குப்பிகளையும் என் கண்முன்னே குடித்தார். குப்பியில் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்தார். அவர் அப்படிப்பட்ட மனிதர். ஒரு திருகாணி மிச்சமானாலும் லிஃப்டை ஓடவிடாமல், மேலிருந்து கீழ்வரை மறுபடி பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவார்.

4. மறுநாள் ஸ்கேன் முடிந்ததும், வரிசையில் ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அறைப் பணியாளர் அவரிடம் சொன்னது: “குடிக்கச் சொன்னா குடிக்கணும்ல? வாஷ்பேசின்ல ஊத்திட்டு இங்க வந்து படுத்தா எப்படிய்யா தெரியும்?” முதுகுப் பக்கம் திறந்த அங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவர் அப்படியே உள்ளே திரும்பினார். உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

5. அறிக்கையில் இரண்டு வரிகள். ஒன்று: இடப்பக்கக் குடலில் பதினொரு மில்லிமீட்டர் அளவில் ஏதோ தெரிகிறது, மருந்து ஏறாததால் மலமா, கட்டியா என்று சொல்ல இயலவில்லை. இரண்டு: நோயாளி மருந்தைக் குடிக்கவில்லை, ஒத்துழைக்கவில்லை. ஒத்துழைக்காதவர்கள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பது தங்கள் அலுவலக வழக்கமாம். மறு தேதி ஏழு மாதம் கழித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

6. ஐயா, நான் பத்தொன்பது வருடமாகப் பெயிண்ட் கலக்குகிறேன். அடியில் தங்கும் பொருளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அன்று குப்பியைப் பார்த்தபோதே, பால் டம்ளரைக் கழுவிய தண்ணீர் போல இருக்கிறதே என்று நினைத்தேன். படித்தவர்கள் கொடுத்த மருந்து, இப்படித்தான் இருக்கும்போல என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தப்பு என்னுடையது. அதை நினைத்து என்னை நானே திட்டாத நாள் இல்லை.

7. சென்ற செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தங்கள் மருந்து வழங்கும் ஜன்னலுக்கு எதிரே காலை ஆறரை மணி முதல் நின்றேன். பார்த்ததை எழுதுகிறேன். முதல் நாள் மாலையே பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பெரிய கேனில் வைத்துவிடுகிறார்கள். காலைக்குள் பொடி முழுவதும் அடியில் தங்கிவிடுகிறது. மருந்து கொடுப்பவர் வந்து, கேனைக் குலுக்காமல், ஒரு கோலைவிட்டுக் கலக்கக்கூடச் செய்யாமல், அப்படியே சாய்த்து டோக்கன் வரிசைப்படி குப்பிகளில் ஊற்றுகிறார். “நன்றாகக் கலக்கவும்” என்று கேனில் ஒட்டியிருக்கும் தாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பந்திக்கு முந்து என்பார்கள். தங்கள் ஜன்னலில் முந்தியவருக்குக் கிடைப்பது தண்ணீர். அன்றைய கடைசி டோக்கன் அம்மாள் தன் குப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னங்க இது, சுவத்துக்கு அடிக்கிற மாதிரி இருக்கு, இத எப்படி முழுங்க?” என்று கேட்டார். “குடிச்சாத்தான் ஸ்கேன்” என்று பதில் வந்தது. அவருக்கும் இதற்குள் ஒரு வரி எழுதியிருப்பீர்கள்.

8. முதல் குப்பியையும் கடைசிக் குப்பியையும் உரியவர்களிடம் கேட்டு வாங்கி, பக்கத்துத் திண்டில் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தேன். முதல் குப்பியின் அடியில் நகக்கண் அளவுக்கு வெள்ளை தங்கியது. கடைசிக் குப்பியில் பாதிக்கு மேல். படங்களை இணைத்துள்ளேன்.

9. மருந்து கொடுப்பவரிடம் மரியாதையாகவே கேட்டேன். “பதினோரு வருஷமா இப்படித்தான்மா ஊத்துறேன். யாரும் சாகல” என்றார். யாரும் சாகவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும், ஐயா? செத்தவர்கள் ஜன்னலுக்குத் திரும்பி வந்து புகார் சொல்வதில்லை. எங்கள் கடையில் ஒரு டின்னைத் திறந்தால் அடிவரை கோலைவிட்டுக் கலக்காமல் ஒரு கரண்டிகூட எடுக்கமாட்டோம். ஒரு சுவருக்குக் கொடுக்கும் மரியாதையை மனிதக் குடலுக்கும் கொடுக்கலாம்.

10. என் கணவரோடு அன்று மருந்து வாங்கிய முதல் ஆறு பேரில் நான்கு பேரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மூன்று பேருடைய அறிக்கையில் அதே வரி, அதே எழுத்து. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர்களில் ஒரு ஆட்டோ ஓட்டுநர், வயது அறுபதுக்கு மேல், “திட்டு வாங்கறதுக்கு நோயோடவே இருந்துட்டுப் போறேம்மா” என்று சொல்லிவிட்டார். அவரை இனி யார் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

11. என் கணவரும் வரமாட்டேன் என்கிறார். “நான் ஊத்தலன்னு எப்படி நிரூபிக்கறது? வயித்தக் கிழிச்சா காட்ட முடியும்? அந்த வரி இருக்கற வரைக்கும் அந்த வாசல மிதிக்க மாட்டேன்” என்கிறார். அழுது பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். அவர் அண்ணன் படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்டும் பார்த்துவிட்டேன். அசையவில்லை.

12. ஆகையால், ஐயா, அந்த இரண்டாவது வரியைத் தாங்களே தங்கள் கையால் அடித்து, கையெழுத்திட்டு, நகலை என்னிடம் தர வேண்டும். அதை அவரிடம் காட்டினால் வருவார், நான் அழைத்து வருகிறேன். அந்தக் கேனை இனி ஒவ்வொரு குப்பிக்கும் முன்பு கலக்க உத்தரவிட வேண்டும். கலக்கும் கோல் வேண்டுமானால் எங்கள் கடையிலிருந்து நானே புதிதாகக் கொண்டுவந்து தருகிறேன். அந்த ஆட்டோ ஓட்டுநரின் வீட்டுக்கு மருத்துவமனையிலிருந்து ஒருவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வர வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டால் போதாது.

13. அந்தப் பதினொரு மில்லிமீட்டர் என்னவென்று எனக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரியாது. தினமும் காலையில் எழுந்ததும், அவர் கண் விழிப்பதற்கு முன்பு, நான் கை கூப்பி வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: அது மலமாக இருக்கட்டும். கட்டிய கணவனுக்காக ஒரு பெண் தெய்வத்திடம் இப்படியொரு வரம் கேட்கும்படி வைத்துவிட்டீர்கள். ஏழு மாதம் இதையே கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

பதில் கிடைக்கும்வரை நகராமல் காத்திருக்கும்,

(ஒப்பம்)
டோக்கன் இரண்டின் மனைவி

நாள்: இம்மாதம் பதினான்கு, திங்கள், காலை 9.40
இடம்: தங்கள் அலுவலகக் கதவுக்கு வெளியே, இடப்பக்க பெஞ்சு

இணைப்பு: ஸ்கேன் அறிக்கை நகல், குப்பிகளின் படங்கள் இரண்டு, மூன்று நோயாளிகளின் கையெழுத்துடன் கூடிய வாக்குமூலம்.