தவளை இல்லாத ஏரி

ஏரிப் பாதுகாப்புச் சங்கச் செயலாளருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் சங்க அலுவலகத்திலேயே படுத்துக்கொள்வதால் தபாலில் எழுதுகிறேன். ஏரிக்குப் போய் உயிரினங்களைப் பதிவு செய்கிற எங்களுக்குக் காசு கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பஸ்ஸுக்கும் செருப்புக்கும் வேறு யார் கொடுப்பார்கள்? ஆனால் போய் வந்ததற்குக் கொடுக்காமல், கண்ட உயிருக்கு இவ்வளவு என்று வைத்தீர்களே, அது எந்த மூளையில் உதித்தது?

முன்பெல்லாம் ஒன்றும் தென்படாவிட்டால் 'இல்லை' என்று எழுதுவோம். இப்போது எவனும் எழுதுவதில்லை. நான்தான் மழை விட்ட மாலையில் கரையில் உட்கார்ந்து, காது வலிக்கக் கேட்டுவிட்டு, 'தவளை இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இல்லாததுக்கு எப்படிம்மா காசு குடுக்கிறது?" என்றீர்கள், எல்லார் முன்னாலும்.

"காசை யார் கேட்டா? பதிவுல ஏத்துங்க."

சிரித்தீர்கள். ஏற்றவில்லை. மற்றவர்கள் வீட்டில் இருந்தபடியே தாளில் கத்தவிட்ட தவளைகளை மட்டும் ஏற்றினீர்கள். அந்தப் பதிவைக் காட்டித்தான் சாயப்பட்டறைக்காரன், தன் கழிவால் ஒரு கேடும் இல்லை என்று, ஏரியில் தொடர்ந்து கழிவு விட அனுமதி வாங்கிவிட்டான். 'ஏரி நன்றாக இருக்கிறது' என்பதற்குக் கீழே உங்கள் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்குங்கள். அதுவரை உங்களைக் கேட்டு யார் கதவைத் தட்டினாலும் 'இல்லை' என்றுதான் சொல்வேன். அதற்கும் காசு வேண்டாம்.

உங்கள் மனைவி