பள்ளியில் எழும்பி நின்றவர்

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் மிஹ்லாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகளும் பிள்ளையும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். வாப்பா போன நாளிலிருந்து நான் இத்தா இருக்கிறேன், நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை வாசலைத் தாண்டுவதில்லை. உன் தங்கச்சி நஸ்லா என்னை மிரட்டி மிரட்டிச் சாப்பிட வைக்கிறாள்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் இந்தக் கதையைத் தொடங்கினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கட்டாருக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு றுக்ஸானாவின் கணவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் வாசி.

வாப்பாவின் ஜனாஸாவுக்குத் தெரு கொள்ளாத சனம். பெரியநீலாவணையிலிருந்து மீன்பிடிக்கிறவர்கள் ஈரச் சாரத்தோடு வந்தார்களாம். வீரமுனைப் புண்ணியமூர்த்தி குடும்பத்தோடு வந்தார். அவருடைய வயல் வழக்கை வாப்பா நம்முடைய ஆட்களுக்கு எதிராகவே பேசியதும், அதற்காக ஊரில் ஏச்சு வாங்கியதும் உனக்குத் தெரியும். "லோயர் ஐயா இல்லாட்டி எங்களுக்கு வயல் ஏது" என்று சொல்லி, நம் கேற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார்.

எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். கறுப்புக் கோட்டோடு சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவார். கையில் செதிள் ஒட்டியிருக்க நீதிமன்றம் போவார். இந்த வீடு என் சீதனம் என்று நான் வாய்க்காரி மாதிரிச் சொன்னால், "பத்து வரியத்துக்கு மேல இருந்திட்டன் றாஹிலா, சட்டப்படி இனி என்னை எழுப்ப ஏலா" என்று சிரிப்பார். இப்போது அவருடைய கதிரையில் ஒருவரும் உட்காருவதில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் வீட்டாள் ஒருவர் எழும்பி, மௌத்தானவரால் யாருக்காவது மனவருத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஜமாஅத்திடம் கேட்க வேண்டும். அது மகனுடைய வேலை. கம்பனியில் லீவு தரவில்லை என்றாய். வாப்பா மௌத்தானதற்கு லீவு தராத கம்பனி எது என்று நான் கேட்கவில்லை. உனக்குப் பதிலாக உன் மாமா கேட்டார். பொறுத்தோம், பொறுத்தோம் என்று பள்ளி முழுக்கச் சொன்னார்கள். அப்போது முகம்மது தம்பி எழும்பினாராம்.

அப்ராவின் வாப்பா. நீ அந்தப் பெயரை மறந்திருக்க மாட்டாய்.

அவர் சத்தம் போடவில்லை. "நான் இன்னம் பொறுக்கல்ல. அவர்ர மகன் வந்து கேக்கட்டும்" என்று மட்டும் சொன்னாராம். பிறகு எல்லாரோடும் சேர்ந்து ஜனாஸாத் தொழுதார். மையவாடிக்கும் வந்து கப்றில் மண் போட்டார். சண்டை பிடித்திருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது. நஸ்லா என்னிடம் இதை மறைத்தாள், மாமாதான் தாங்க ஏலாமல் சொன்னார்.

மிஹ்லார், அந்தப் பிள்ளை ரோட்டுக்குக் குறுக்கே ஓடவில்லை. மதரஸாவுக்கு ஓரமாக நடந்துதான் போனாள். நீ போனைப் பார்த்துக்கொண்டு காரை ஓட்டினாய். அன்று வாப்பாவிடம் நீ அழுதழுது சொன்னதைக் குசினி அடுப்படியில் நின்று நானும் கேட்டேன். வழக்கைப் பேசியது வேறு லோயர், சொல்லிக் கொடுத்தது முழுக்க வாப்பா. பிள்ளை ஓடியதுதான் பிழை என்று வழக்கு முடிந்தது. நீ விமானம் ஏறினாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ போன பிறகு வாப்பா நட்டஈடு கொடுக்க முகம்மது தம்பியின் வீட்டுக்குப் போனார். "காசு வேணாம் லோயர். என்ர புள்ள ஓடல்ல எண்டு ஒருக்காச் சொல்லுங்க, போதும்" என்றாராம் அவர். சொன்னால் நீ மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவாய். வாப்பா சொல்லாமலே திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கிணற்றடியில் இருந்தார். அதன் பிறகு அவர் கார் ஓட்டியதில்லை, விபத்து வழக்கு எடுத்ததும் இல்லை. ஊருக்கே நியாயம் பேசிய மனிதர், செத்துப்போன ஒரு பிள்ளையின் மேல் பழி போட்டது உனக்காகத்தான். அவர் நல்லவர்தான், மகன். ஆனால் இந்தப் பாரத்தோடு அவரைக் கப்றில் வைத்திருக்கிறோம். எனக்குத் தொழுகையில் மனம் நிற்பதில்லை.

முடிந்த வழக்கைக் கிளறினால் என்ன வருமோ தெரியாது, மிஹ்லாரை வரச் சொல்லாதே என்கிறார் மாமா. என்ன வந்தாலும் வரட்டும். நான் உன்னைப் பெற்றவள், யோசிக்காமல் எழுதவில்லை.

நீ வா. உம்மாவைப் பார்க்க என்று முதலில் இங்கே வராதே. பையைத் தூக்கிக்கொண்டு நேரே முகம்மது தம்பியின் வீட்டுக்குப் போ. அவரும் அவருடைய மனைவியும் கேட்க, அப்ரா ஓடவில்லை என்று உன் வாயால் சொல். பொறுப்பதும் பொறுக்காததும் அவர்களுடைய விருப்பம். அதன் பிறகு வீட்டுக்கு வா. எந்த நேரமானாலும் உனக்குச் சோறு இருக்கும்.

அந்த வாசலில் நிற்க அல்லாஹ் உன் கால்களுக்குப் பலம் தரட்டும். ஆமீன்.

உன் உம்மா,
றாஹிலா